மூன்றாம் அறையில் விரித்த பாய்

ஸ்காபரோ
14 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்குத் தைப்பொங்கல். நான் பொங்கவில்லை. நான் குடியிருக்கிற நிலக்கீழ் பேஸ்மென்றில் கொஞ்சம் புகை வந்தாலும் மேலே வீட்டுக்காரரின் புகை மணி கத்தத் தொடங்கிவிடும். கடையில் ஒரு டப்பா சர்க்கரைப் புக்கை வாங்கிச் சாப்பிட்டேன். சர்க்கரை போடுவதில் கஞ்சத்தனம் காட்டியிருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் அறை வாசலில் நின்று, "இனி உன்ரை குரல் என்ரை காதிலை விழக்கூடாது" என்றீர்கள். குரலைத்தான் சொன்னீர்கள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் சட்டத்தில் ஓட்டை தேடுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். தபால்காரர்களின் வேலைநிறுத்தமும் போன மாதம் முடிந்துவிட்டதால், எழுதாமல் இருக்க எனக்குச் சாட்டு எதுவும் இல்லை.

என்னை வேறு இடத்தில் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். அதே செக்கியூரிற்றி வேலைதான், அதே யூனிபோம்தான். இடம் மட்டும் நகரத்தின் நடுவில் ஒரு ஓவியக்கூடம். மூன்றாம் அறை என் பொறுப்பு. இருக்கக்கூடாது, சுவரில் சாயக்கூடாது, வருகிறவர்களோடு கதைக்கக்கூடாது. அறையில் ஓவியமும் இல்லை, சிலையும் இல்லை. சுவர் முழுக்க ஒரு வீடியோ ஓடுகிறது. அதன் முன்னால் நிலத்தில் ஒரு பாய் விரித்திருக்கிறது.

உண்மையான பாய், அக்கா. தாழை ஓலையை அவித்து, காயவைத்து இழைத்தது. முதல்நாள் அறைக்குள் கால் வைத்ததும் நான் பார்த்தது அதைத்தான். உடனே உங்கள் அறை நினைவுக்கு வந்தது.

ஒரு வரி பதில் போட்டால் போதும். திட்டி எழுதினாலும் சரி.

தம்பி
இராஜரட்ணம்


பிறம்ரன்
27 ஜனவரி 2025

தம்பிக்கு,

மிதுனன் கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, மாமாவின்ரை எழுத்து" என்றான். மூன்று நாள் நான் உடைக்கவில்லை. நான்காம் நாள் மகனுக்காகத்தான் உடைத்தேன். சாப்பிட இருக்கும்போதெல்லாம் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாய் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

மகனின் வீடு குடிபுகலுக்கு வந்தாய். ஆட்களோடு சிரித்தாய், சாப்பிட்டாய், தங்கினாய். காலமை நான் குளித்துவிட்டு வரும்போது, என் கட்டிலுக்குப் பக்கத்தில் விரித்திருந்த எங்கள் கடைசித் தம்பி வினோதனின் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு நிற்கிறாய். "இவ்வளவு நாள் விரிச்சது காணும் அக்கா. அவன் வரமாட்டான்" என்கிறாய். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் ஏதோ தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டிருப்பேன். சொன்னது நீ.

சண்டையின் கடைசி நாளில் அவன் சரணடைந்து பஸ்ஸில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு பதினாறு வருடமாக ஒரு தகவல் இல்லை. அவன் இல்லை என்றும் எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. அந்தப் பாயைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் விமானத்தில் வந்தேன். நீ போனதும் திரும்ப விரித்துவிட்டேன். நிலக்சி தூசி எடுக்கிற மெஷினை அதைச் சுற்றித்தான் தள்ளுகிறாள். மருமகளாக வந்த பிள்ளைக்கு விளங்கினது கூடப்பிறந்தவனுக்கு விளங்கவில்லை.

வேறு எழுத ஒன்றுமில்லை.

கமலாம்பிகை

அந்த வீடியோவில் என்னதான் ஓடுகிறது? எழுதுவதானால் எழுது.


ஸ்காபரோ
6 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது. நாலைந்து தரம் வாசித்தேன். இந்தக் குளிருக்கு என் வீட்டுக்கு வந்த ஒரே ஆள் உங்கள் கடிதம்தான்.

வீடியோவைக் கேட்டீர்கள். அதை எடுத்தது லிற்றியானா என்று ஒரு பிஜி நாட்டுப் பெண். பிஜி பசிபிக் கடலில் இருக்கிற சின்ன நாடு. ஆனால் அங்கேயுள்ள பெடியள் உலகம் முழுக்கப் பட்டாளத்துக்குப் போகிறார்களாம், ஐ.நா. படைக்கு, பிரிட்டிஷ் படைக்கு. பட்டாளம் என்றால் ஆண்களுக்குப் பெருமை, பாய் இழைப்பது பெண்களின் வேலை. இவ்வளவும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. மிச்சத்தை றிச்சர்ட் சொன்னார். அவர் அங்கே கலைப்பொருட்களைப் பராமரிக்கிறவர். என்னோடு கதைக்கிற ஒரே மனுசன்.

லிற்றியானாவின் தம்பி பன்னிரண்டு வருடம் பிரிட்டிஷ் படையில் இருந்தவன். அவனை முழு யூனிபோமோடு நிலத்தில் இருத்தி, அவள் பாய் இழைக்கப் பழக்குகிறாள். பெரிய உடம்புக்காரன். துவக்குப் பிடித்த விரலுக்கு ஓலை வசப்படமாட்டேன் என்கிறது. பிழை விட்டால் கையில் ஓர் அடி விழுகிறது. ஒருவரும் ஒரு சொல் கதைப்பதில்லை. பிறகு அவன் கத்தரிக்கோலை எடுத்துத் தன் சட்டையின் கையை வெட்டுகிறான். அங்கே பாயின் ஓரத்தில் நிறநிறமான கம்பளி நூல் வைத்து இழைப்பது வழக்கமாம். அவன் அந்த இடத்தில் யூனிபோம் துணியை நாடா நாடாவாகக் கிழித்து வைக்கிறான். பாய் வளர வளரச் சட்டை குறைகிறது. கடைசியில் பெனியனோடு இருக்கிறான். அந்தப் பாய்தான் நிலத்தில் விரித்திருக்கிறது.

முழுவதும் முப்பத்தெட்டு நிமிடம். ஒரு நாளைக்குப் பதினொரு தரம் பார்க்கிறேன். முடிகிற நேரத்தில் வாசல் பக்கமாக ஒரு நடை போய்வருவேன், கால் விறைத்துவிடும்.

ஒன்று கவனித்தேன். அவன் யூனிபோமோடு இருக்கும்வரை ஆட்கள் யூனிபோமைத்தான் பார்க்கிறார்கள். பெனியனோடு இருக்கும்போதுதான் முகத்தைப் பார்க்கிறார்கள். என்னையும் அங்கே ஒருவரும் முகம் பார்ப்பதில்லை. மூன்று மணித்தியாலம் ஒரே அறையில் நின்ற பெண் ஒருத்தி, வெளியே பஸ் தரிப்பிடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை.

பாயில் இருந்து வீடியோ பார்க்க விடுகிறார்கள். பனிச் சப்பாத்தோடு அதில் ஏறுகிறவர்களைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அது என் வேலை இல்லை. ஒருத்தர் முறைப்பாடு செய்தார். றிச்சர்ட் என் பக்கம் நின்று, சப்பாத்தைக் கழற்றவும் என்று ஓர் அறிவித்தலே வைத்துவிட்டார்.

இதை உங்களுக்கு எழுதக்கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லாரும் போனபின் அந்தப் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டுத்தான் வருகிறேன். காலமை முதலில் வருவதும் நான்தான், விரித்துவிடுகிறேன். ஒருவருக்கும் தெரியாது. ஆளில்லாத அறையில் பாயை விரித்தபடி விட்டுவர மனம் கேட்கவில்லை.

தம்பி


பிறம்ரன்
17 பெப்ரவரி 2025

தம்பிக்கு,

என் அறையில் செய்தது போதாதென்று அங்கேயும் தொடங்கிவிட்டாயா?

யூனிபோமைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய். எண்பத்தைந்தாம் ஆண்டு ஒரு மத்தியானம் நீ வீட்டுக்கு வந்தாய். இயக்கத்துக்குப் போய் எட்டு மாதத்துக்குப் பிறகு வருகிறாய். நான் சோறு போட்டேன். நீ கைகழுவக் கிணற்றடிக்குப் போன நேரத்தில், கதிரையில் கழற்றி வைத்த உன் பெல்ற்றை வினோதன் எடுத்து இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றான். ஒன்பது வயது. மூச்சைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான். நீ வந்து பார்த்துச் சிரித்தாய்.

நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது. என் கையில் தந்துவிட்டுப் போன பிள்ளை. அன்றைக்கு அவன் முதுகில் இரண்டு போட்டுப் பெல்ற்றைப் பறித்திருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

எண்பத்தொன்பதில் நீ எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு விமானம் ஏறினாய். உன்னை நான் குறை சொல்லவில்லை, உயிர் தப்பினாயே என்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். தொண்ணூற்றைந்தில் அவன் போனான். போகும்போது "அண்ணை செய்ததைத்தானே அக்கா நானும் செய்யிறன்" என்றான். இதை இத்தனை வருடமாக உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் கோபமாக இருக்கிறேன்.

இனி அந்தப் பாயைத் தொடாதே. அது வேறொருத்தியுடைய தம்பியின் பாய்.

கமலாம்பிகை


ஸ்காபரோ
11 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வினோ சொன்னதை எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுதப் பல நாள் இருந்து பார்த்தேன். வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று பின்னேரம் பாயைத் தொடாமல் வெளிக்கிட்டேன். வெளிவாசல்வரை போய்விட்டேன். பிறகு திரும்பிப் போய்ச் சுருட்டினேன்.

போன வாரம் றிச்சர்ட் பாயின் ஓரத்தில் வெடிப்பைக் கண்டுபிடித்தார். யூனிபோம் துணி ஓலையோடு சேர்கிற இடத்தில் மூன்று இழை பிளந்திருக்கிறது. இங்கத்தைய ஹீற்றர் ஓலையை அப்பளமாகக் காயவைத்துவிட்டது. அந்த மாதிரி ஓலையை நாளாந்தம் இறுக்கிச் சுருட்டினால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பாய் என்ற நினைப்பில் கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது.

மேலே ஓர் அறைக்குக் கூப்பிட்டுக் கமராவில் பதிந்ததைப் போட்டுக் காட்டினார்கள். நாற்பது பின்னேரங்களுக்கு மேல் இருக்கிறது. யூனிபோம் போட்ட ஒரு கிழவன் குனிந்து, முழங்காலில் இருந்து, பாயைக் கையால் ஒருதரம் தடவிவிட்டுச் சுருட்டுகிறான். நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போகிறான். உடனே வைத்துவிடவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறான். அது நான் என்று எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஆள் இல்லாத பாயை விரித்து வைப்பதில்லை என்று என் இங்கிலீசில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

லிற்றியானாவுக்கு அறிவித்திருக்கிறார்கள். யாரையும் தண்டிக்க வேண்டாம், வெடித்த பாயை வெடித்தபடியே விரித்து விடுங்கள், எங்கள் வீட்டில் பாய் சுருட்டுவதில்லை என்று அவள் பதில் எழுதினாளாம். ஆனாலும் என் கொம்பனி என்னை மாற்றிவிட்டது. இப்போது மிசிசாகாவில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறேன். இங்கே கதிரை இருக்கிறது. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

தொடாதே என்றீர்கள். தொட்டேன், வெடித்துவிட்டது. உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இப்போது இரண்டு பாய் சேர்ந்துவிட்டது. நான் எழுதுவதெல்லாம் உங்களைக் கிளறத்தான் உதவுகிறது. இனி எழுதவில்லை. கண்காட்சி ஏப்ரல் ஆறாம் திகதியோடு முடிகிறது.

சுகமாக இருங்கள்.

தம்பி


பிறம்ரன்
3 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

நேற்று நான் தனியப் போய் வந்தேன். மிதுனனுக்குக் கோயிலுக்கு என்று சொன்னேன். பஸ் எடுத்து, கோ றெயின் எடுத்து, யூனியன் ஸ்ரேசனில் இறங்கி, அங்கே வழி தெரியாமல் நிலத்துக்குக் கீழே அரை மணித்தியாலம் சுற்றி, கடைசியில் ஒரு சீனப் பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து தெருவில் விட்டது. ஒன்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், தனியே றெயின் ஏறினது இதுதான் முதல் தரம்.

மூன்றாம் அறையில் ஒருவரும் இல்லை. உன் இடத்தில் ஒரு பெடியன் சுவரில் சாய்ந்துகொண்டு ரெலிபோன் பார்க்கிறான். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் இருந்தேன். வெடிப்பைக் கையால் தடவிப் பார்த்தேன். பெரிய வெடிப்பு இல்லை.

நீ எழுதின எல்லாவற்றையும் பார்த்தேன். கையில் அடி, கத்தரிக்கோல், பெனியன், எல்லாம் சரி. ஆனால் நீ எழுதினபடி பார்த்தால் பாய் முடிந்ததும் வீடியோ முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. அந்தத் தம்பி எழும்பிப் போகிறான். தமக்கை பாயின் மூலையை இழுத்து நேராக்கிவிட்டு அவளும் போகிறாள். பிறகு வெறும் பாய். எங்கேயோ மழை பெய்கிற சத்தம் மட்டும். ஒருவரும் வரவில்லை. சுவரில் மணிக்கூடு இருந்தது, பார்த்தேன். நாலு நிமிடம், தம்பி. நீ அந்த நாலு நிமிடத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

அப்போது ஒரு வெள்ளைக்கார மனுசன் வந்து, சுகமா என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். றிச்சர்ட் அவர்தான். என் பிறதர், செக்கியூரிற்றி என்று சொன்னேன். உடனே அவருக்கு விளங்கிவிட்டது. அந்தக் கடைசிப் பகுதி வரும்போதெல்லாம் நீ வாசல் பக்கம் திரும்பி நிற்பாயாம். ஒருநாளும் பார்த்ததில்லையாம். அவ்வளவு இங்கிலீஸ் எனக்கு விளங்கும்.

றெயினில் வரும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவனை நினைக்காமல் விட்டுவிட்டாய், அதனால்தான் சுருட்டினாய் என்றுதான் இரண்டு வருடமாக உன்னில் எரிந்துகொண்டிருந்தேன். உனக்கு அந்தப் பாயை வெறுமையாகப் பார்க்க ஏலாது என்பது எனக்குத் தெரியாது. நீ சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வேறு ஏதோ சொன்னாய்.

பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் வா. புட்டும் கணவாய்க் கறியும் செய்கிறேன். வெறும் பாயைப் பார்க்க ஏலாது என்றால் வந்து அதில் படு. குரல் கேட்கக்கூடாது என்றது நான்தான், விருப்பமில்லாவிட்டால் கதைக்காமலே சாப்பிட்டுவிட்டுப் படு.

அக்கா


ஸ்காபரோ
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

காலமை உங்களை எழுப்பாமல் வந்துவிட்டேன். ஏழு மணிக்கு மிசிசாகாவில் நிற்க வேண்டியிருந்தது. ஞாயிறென்றாலும் கார் நிறுத்துமிடத்துக்கு லீவு கிடையாது. இப்போதுதான் அறைக்கு வந்தேன். உடனே எழுதுகிறேன்.

முதுகு நோகிறது. முப்பது வருடத்துக்கு மேலாக நான் நிலத்தில் படுத்ததில்லை. ஆனால் அப்படி ஒரு நித்திரை எனக்கு இந்த நாட்டில் வந்ததே இல்லை. எழும்பியபோது பாயின் வரி கன்னத்தில் பதிந்திருந்தது. மத்தியானம்வரை போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபடி அதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

சாப்பிடும்போது சொல்ல வந்து விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்ததால் நான் அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் அந்தப் பாயைப் பார்க்கும்போதெல்லாம் என் பெல்ற்றைத்தான் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன். அதைத் தாங்க முடியாமல்தான் சொன்னேன். அவன் உங்களிடம் சொல்லிவிட்டுப் போனதை இப்போது நானும் கேட்டுவிட்டேன். அதை நீங்கள் இனித் தனியே வைத்திருக்கத் தேவையில்லை.

பாயைச் சுருட்டவில்லை. கை போனது, பொத்திப் பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டேன். விரித்தபடி இருந்தது, பார்த்திருப்பீர்கள்.

நாளைக்கு வருடப்பிறப்பு.

தம்பி


பிறம்ரன்
17 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகுக்கு எண்ணெய் பூசு. உன் பெனியன் இங்கே கிடக்கிறது, தோய்த்து வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலமை நான் எழும்பிப் பார்த்தபோது பாய் விரித்தபடி இருந்தது. தலையணையில் பள்ளம் இருந்தது. நிலக்சி தூசி எடுக்க மெஷினோடு வந்து, வழக்கம்போல் சுற்றித் தள்ளட்டோ மாமி என்று கேட்டாள். பொறு பிள்ளை என்றேன்.

ஒருத்தர் படுத்தெழும்பின பாயைக் காலமை சுருட்டத்தானே வேண்டும். சுருட்டி அலுமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். வாற சனிக்கிழமை வந்து நீயே விரி.

அக்கா